ஒத்தக்கண்ணு மட்டக்குதிரைய மறுபடி சவாரிக்குப் பழக்குறது எப்படி

குதிரைக்கு ஒரு கண்ணு போச்சுன்னா பாக்குறவங்கள்ல பாதிப்பேரு "வந்த வெலைக்குத் தள்ளி விட்டுருப்பா"ன்னு சொல்வாங்க, மீதிப்பேரு ஐயோ பாவம்னு ஒரு வெல்லக்கட்டியக் குடுத்துட்டுப் போவாங்க. ரெண்டுமே குதிரைக்கு உதவாது. எங்க மட்டக்குதிரைக்கு (சுருக்கமா மட்டம்னு சொல்வோம்) இடது கண்ணு எடுத்தாச்சு, சீமைக்கருவேல முள்ளு கிழிச்சு அதுல பங்கஸ் புடிச்சு வேற வழியில்லாம எடுக்க வேண்டியதாப் போச்சு, ஆனா இப்ப அது பழையபடி சேணம் கட்டி புள்ளைங்கள ஏத்திக்கிட்டு நடக்குது. அதைப் பழக்கினப்ப தெரிஞ்சது, டாக்டருங்க சொன்னது, மத்த குதிரைக்காரங்க செய்றதைப் பாத்தது எல்லாத்தையும் சேத்துதான் எழுதுறேன்.

முக்கியமானத முதல்லயே சொல்லிடுறேன். கண்ணில்லாத பக்கத்தை ஒதுக்காதீங்க. பாவம் பயந்துக்கும்னு எல்லா வேலையையும் நல்ல கண்ணு இருக்குற பக்கம் நின்னே செய்வோம், தண்ணி வைக்குறது, தேய்க்குறது, புடிச்சு நடத்துறது எல்லாமே அந்தப் பக்கந்தான். அப்படியே பழகிட்டா கண்ணில்லாத பக்கத்துல இருந்து குதிரைக்கு வர்றதெல்லாம் திடீர்னு வர்ற கெட்டது மட்டும்தான், கதவு இடிக்குறது, நாய் குலைக்குறது, பைக் உரசிட்டுப் போறது. அப்புறம் ஏன் அந்தப் பக்கம் மிரளாது? அதனால அந்தப் பக்கந்தான் அதிகமா வேலை செய்யணும், அந்தப் பக்கந்தான் நல்லது நெறைய வரணும்.

குதிரையோட பார்வை எப்படின்னு தெரிஞ்சா பாதிக் குழப்பம் போயிடும். கண்ணு தலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கறதால சுத்தி கிட்டத்தட்ட 350 டிகிரி வரைக்கும் தெரியும், தெரியாதது வாலுக்கு நேர் பின்னாடி கொஞ்சம், நெத்திக்கு நேர் முன்னாடியும் மூக்குக்குக் கீழயும் கொஞ்சம், அவ்வளவுதான். ஆனா ரெண்டு கண்ணும் சேந்து பாக்குறது முன்னாடி ஒரு 65 டிகிரி போலத்தான், மத்ததெல்லாம் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியா பாக்குறது. அதனால ஒரு கண்ணு போனா ரெண்டு விஷயம் நடக்குது, ஒரு பக்கமே இருட்டு ஆயிடுது, அதோட முன்னாடி இருக்குற பொருள் எவ்வளவு தூரத்துல எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு கணிக்குறதும் குறைஞ்சிடுது. ரெண்டாவது விஷயம் கொஞ்ச நாள்ல ஓரளவு திரும்பி வந்துடும், தலைய ஏத்தி இறக்கி, கழுத்தத் திருப்பி அதுவே கத்துக்கும். மொதல்ல சொன்னது வராது, அதுக்குப் பதிலாத்தான் காது, மூக்கு, மீசை, உங்க குரல் எல்லாம்.

நம்பிக்கை இல்லாதவங்களுக்கு ரெண்டு உதாரணம். அமெரிக்காவுல பேட்ச்னு ஒரு பந்தயக் குதிரை, இடது கண்ணு கெடையாது, 2017 கென்டக்கி டெர்பியில ஓடுச்சு, அதுவும் கெளம்புற வரிசையில வெளி ஓரத்துல இருக்குற 20வது கேட்ல, அதாவது மத்த எல்லாக் குதிரையும் அதுக்குத் தெரியாத பக்கம். அதுல 14வதா வந்துச்சு, அடுத்து பெல்மான்ட் பந்தயத்துல மூணாவதா வந்துச்சு. இன்னொண்ணு அட்வென்ச்சர் டி கன்னன், ஒரு கண்ண எடுத்ததுக்கு அப்புறம் 2014ல இங்கிலாந்து ஹிக்ஸ்டெட் டெர்பிங்கற தடை தாண்டுற போட்டியில ஜெயிச்சுது, அதுல பத்தரை அடி மேட்டுல இருந்து செங்குத்தா எறங்கணும். நம்ம மட்டம் அதெல்லாம் செய்ய வேணாம், ஏரிய ஒரு சுத்து சுத்தி வந்தாப் போதும்.

இனி வேலைக்கு வருவோம். ஆபரேஷன் முடிஞ்ச உடனே பழக்க ஆரம்பிக்காதீங்க. கண்ணு எடுக்குறத இப்பெல்லாம் நிக்க வச்சே, மயக்க ஊசி லேசாப் போட்டு, கண்ணச் சுத்தி மரத்துப்போக ஊசி போட்டும் செய்றாங்க, இமைய மூடித் தையல் போட்டுடுவாங்க. வீக்கம் கொஞ்ச நாள் இருக்கும், தையல் பிரிக்க பத்துல இருந்து பதினாலு நாள் ஆகும். அது வரைக்கும் தலைக்கயிறு தையல்ல உரசக்கூடாது, தூண்ல தேய்க்க விடக்கூடாது, ஈ உக்காரக்கூடாது. டிடி ஊசி போட்டாச்சான்னு கேளுங்க, குதிரைக்கு வில்வாதம் (டெட்டனஸ்) ரொம்ப சுலபமா வரும். நாள் ஆக ஆக அந்த இடம் குழி விழும், அது சாதாரணம், ஆனா நாத்தமோ சீழோ வந்தா உடனே காட்டணும்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். கண்ணு சிவந்து தண்ணி வடிஞ்சா பச்சிலைச் சாறு பிழியுறது, மெடிக்கல்ல மனுஷன் சொட்டுமருந்து வாங்கி ஊத்துறது, இதுலதான் பாதிக் கண்ணு போகுது. அந்தச் சொட்டுமருந்துல ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில புண்ணும் இருந்தா புண்ணு உருகி ஓட்டையே விழுந்துடும். நம்ம ஊர்ல கண்ணுக்குள்ள வெள்ளையா நூல் மாதிரி புழு நெளியுறதும் உண்டு, மாட்டுல இருக்குற புழு கொசு வழியா குதிரைக்கு வந்து கண்ணுக்குள்ள போயிடுது, அத டாக்டர் திறந்து எடுக்கலாம், கண்ணக் காப்பாத்தலாம். சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரியில கண்ணுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, நாமக்கல்லுலயும் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. கண்ணு விஷயத்துல நாளைக்குப் பாக்கலாம்கற பேச்சே வேணாம்.

அதோட மிச்சம் இருக்குற கண்ண டாக்டர்கிட்ட முழுசாப் பாக்கச் சொல்லுங்க. முள்ளு, அடின்னு போயிருந்தா அடுத்த கண்ணுக்கு அதனால ஒண்ணும் ஆகாது. ஆனா கண்ணுக்குள்ள அழற்சி திரும்பத் திரும்ப வந்து போயிருந்தா அது அடுத்த கண்ணுலயும் வரலாம், அப்படிப்பட்ட குதிரைய சவாரிக்குப் பழக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கணும். பார்வை இருக்கான்னு வீட்டுல பாக்கணும்னா கண்ணு முன்னாடி கைய வீசுவோம்ல, அதுல காத்து அடிச்சா மீசையில பட்டே கண்ண மூடும், பாத்து மூடிச்சுன்னு நாம ஏமாந்துடுவோம். அதுக்குப் பஞ்ச உருட்டி கண்ணுக்கு முன்னால சத்தமில்லாம விழ விட்டுப் பாருங்க.

லாயத்துல முதல் வேலை, ஆணி, துருத்துற தகரம், உடைஞ்ச மூங்கில், முள்கம்பி எதுவும் இருக்கக்கூடாது. தண்ணித் தொட்டி, தீவனப் பாத்திரம் வச்ச இடத்துலயே இருக்கட்டும், மாத்த வேணாம். கதவு நல்லா அகலமாத் திறக்கணும், பாதி திறந்து நிக்கக்கூடாது, இடுப்பெலும்பு இடிச்சுக்கிட்டா அடுத்த நாள்ல இருந்து கதவப் பாத்தாலே பாய்ஞ்சு ஓடி உள்ள வரும். வெயில்ல இருந்து இருட்டு லாயத்துக்குள்ள கூட்டிட்டுப் போறப்ப வாசல்ல கொஞ்சம் நிறுத்துங்க, வெளிச்சம் மாறினா குதிரைக் கண்ணு பழகிக்க நம்ம கண்ண விட நேரம் எடுக்கும், ரெண்டு கண்ணுக் குதிரைக்கே அப்படி. கண்ணச் சுத்தியும் வாயச் சுத்தியும் இருக்குற நீட்டு முடிய அழகுக்காக வெட்டாதீங்க. அது கிட்டத்துல இருக்குற பொருளத் தொட்டுப் பாக்குற முடி, 2021ல இருந்து உலக குதிரைப் போட்டிகள்லயே அத வெட்டக்கூடாதுன்னு தடை வந்துடுச்சு.

அடுத்து குரல். இதுதான் அஸ்திவாரம், குதிரைய விட மனுஷங்களுக்குத்தான் இதுல பயிற்சி வேணும். கிட்ட வர்றப்ப பேசிக்கிட்டே வரணும், என்ன வேணா பேசுங்க, பாட்டு கூடப் பாடுங்க, ஆனா சத்தமில்லாம போயி முதுகத் தட்டுறது கூடவே கூடாது. வீட்டுல இருக்குற சின்னப் பசங்க, தீவனம் வைக்குற ஆளு, லாடம் அடிக்குறவரு எல்லாருக்கும் சொல்லி வைங்க. வந்துட்டேன்னு குரல் குடுத்ததும் அந்தப் பக்கத்துக் காது உங்கள நோக்கித் திரும்பும், அது திரும்பினதுக்கு அப்புறம் தொடுங்க. காது திரும்பலன்னா அது தூங்குது இல்ல வேற எதையோ கேக்குது, நில்லுங்க. முதல்ல கழுத்து இல்ல தோள்பட்டையத் தொடணும், மூஞ்சியவோ இடுப்பையோ இல்ல. தொட்ட கைய எடுக்காம உடம்போட ஒட்டியே வச்சுக்கிட்டு பின்னால போங்க, எடுத்து எடுத்து வைக்காதீங்க. கை ஒட்டி இருந்தா நீங்க எங்க இருக்கீங்கன்னு அதுக்குத் தெரியும்.

சொல்லுக்குப் பழக்குறதும் இப்பவே ஆரம்பிக்கணும். நில்லு, வா, மெல்ல, பின்ன, படி, இந்த அஞ்சு சொல்லு போதும். "படி"ன்னா முன்னாடி ஏறவோ எறங்கவோ ஏதோ இருக்கு, கால் தூக்கி வைன்னு அர்த்தம். ஒரு மூங்கிலத் தரையில போட்டு, அதுக்கு ஒரு எட்டு முன்னால "படி"ன்னு சொல்லி நிறுத்தி, தலையக் கீழ விட்டு மோந்து பாக்க விட்டு, அப்புறம் தாண்ட விடுங்க. மூங்கிலுக்கு வெள்ளையோ மஞ்சளோ பெயின்ட் அடிச்சா நல்லது, குதிரைக்கு நீலமும் மஞ்சளும் நல்லா தெரியும், சிவப்பு பச்சை அவ்வளவா பிரிஞ்சு தெரியாது. எங்க மட்டம் மொதல்ல மூங்கிலுக்கு ரொம்ப முன்னாடியே கால உசரத் தூக்கி வெறுந்தரையில வச்சிட்டு, அடுத்த காலால மூங்கில உதைச்சிட்டு, தானே திடுக்கிட்டு நிக்கும். அவசரப்படுத்தாம விட்டா தலையச் சாய்ச்சு நல்ல கண்ணக் கீழ கொண்டாந்து பாக்கக் கத்துக்குது. அந்தத் தலை சாய்க்குறதுக்குக் கயிறு தளர்வா இருக்கணும், இறுக்கிப் புடிச்சுக்கிட்டு ஏன் தடுக்குதுன்னு கேட்டா எப்படி?

புடிச்சு நடத்துறதுல எந்தப் பக்கம் நிக்கணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நல்ல கண்ணு பக்கம் நின்னா அது உங்களப் பாக்கும், ஆனா தெரியாத பக்கத்துல ஏதாவது சத்தம் வந்தா உங்க மேலதான் வந்து விழும். தெரியாத பக்கம் நின்னா நீங்க அந்தப் பக்கத்துக்குச் சுவர் மாதிரி காவலா இருக்கீங்க, ஆனா அது உங்களப் பாக்காம உங்க கால மிதிக்கும். என் முடிவு, அடைச்ச இடத்துல முதல்ல நல்ல பக்கம் நின்னு பழக்கிட்டு, அப்புறம் தெரியாத பக்கத்துக்கு மாறி, ரோட்டுக்குப் போறப்ப எப்பவும் தெரியாத பக்கந்தான், ஒரு கை அதோட தோள்ல, பேச்சு நிக்காம. நல்ல ஷூ போட்டுக்கங்க, செருப்போட போயி மிதி வாங்கிட்டு என்னத் திட்டாதீங்க.

இடது கண்ணு போன குதிரைக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு. நாம காலங்காலமா எல்லாத்தையும் இடது பக்கம் நின்னேதான் செய்றோம், கயிறு புடிக்குறது, சேணம் போடுறது, வார் இறுக்குறது, ஏறுறது, எல்லாம். அதனால பழக்கப்பட்ட பக்கமே இருட்டாப் போச்சு அதுக்கு. வலது பக்கம் நின்னு சேணம் போடவும் ஏறவும் புதுசாப் பழக்குங்க, அதுக்கு மட்டும் இல்ல, உங்க கைக்கும் பழகணும், எனக்கு வலது பக்கம் நின்னு பக்கிள் போடவே தடுமாறுச்சு. அதுக்காக இடது பக்கத்தை விட்டுடாதீங்க, சேணத்தக் காட்டி மோக்க விட்டு, தோள்ல தேய்ச்சு, பேசிக்கிட்டே மெதுவா ஏத்துங்க, சும்மா தூக்கிப் போடாதீங்க. வலது கண்ணு போனதுக்கு இந்தத் தலைவலி கம்மி.

கழுத்த மறக்காதீங்க. ஒரு கண்ணு போன குதிரை நல்ல கண்ண முன்னால கொண்டாரத் தலையத் திருப்பியே வச்சிருக்கும், அதுல ஒரு பக்கக் கழுத்தும் தோளும் இறுகிடும். தினமும் சேணம் போடுறதுக்கு முன்னாடி கேரட்டக் காட்டி ரெண்டு பக்கமும் கழுத்த வளைக்க வைங்க, எங்க மலையில கேரட்டுக்கா பஞ்சம். தெரியாத பக்கத்துக்கு கேரட்ட மோப்பத்துல கொண்டு போகணும், முதல்ல மூக்குல படுற மாதிரி வச்சு, தோள்பட்டை வரைக்கும் இழுத்துட்டுப் போங்க. இதுல ரெட்டை லாபம், கழுத்து தளருது, அந்தப் பக்கம் தலையத் திருப்பினா நல்லது கெடைக்கும்னு அதுக்குப் பதியுது. பின்னாடி ஏதாவது சத்தம் கேட்டா பாய்ஞ்சு ஓடுறதுக்குப் பதிலா தலையத் திருப்பிப் பாக்கும். இந்தப் பயிற்சிக்கு மட்டும் நேரம் பாக்காதீங்க, பழக்கத்துலேயே இதுதான் அதிகம் பலன் குடுத்தது.

நீட்டுக் கயித்துல புடிச்சு உங்களச் சுத்தி வர விடுறப்ப முதல்ல நல்ல கண்ணு உள்பக்கம், உங்களப் பாத்தமாதிரி. அது நிம்மதியா நடந்ததும் மாத்துங்க. தெரியாத கண்ணு உங்க பக்கம் வர்றப்ப நீங்க இருக்கீங்கன்னு குரல் மூலமாத்தான் அதுக்குத் தெரியும், பேச்சு நின்னா அதுவும் நின்னுடும் இல்ல வெளிய இழுக்கும். நடை மட்டும் போதும், ஓட்டம் அப்புறம்.

சேணத்து மேல ஆள் ஏறினதும் மாறுற விஷயம், உங்க காலும் லகானும்தான் இப்ப அதுக்குக் கண்ணு. தெரியாத பக்கம் திருப்பணும்னா திடீர்னு லகான இழுக்காதீங்க, முதல்ல சொல்லு, அப்புறம் காலால லேசா அழுத்தம், அப்புறந்தான் லகான். தெரியாத பக்கம் மரம், சுவர், கேட்டுத் தூண் இருந்தா உங்க முழங்காலயும் சேத்து உரசிட்டுப் போயிடும், அதனால கொஞ்சம் அதிகமா எடம் விட்டே ஓட்டுங்க. நல்லா நிதானமான ஆளுதான் முதல்ல ஏறணும், புள்ளைங்க, டூரிஸ்ட் எல்லாம் கடைசியில.

வெளிய வழியில பழக்குறப்ப ஒண்ணு கவனிங்க. போறப்ப வலது பக்கம் பாத்த டீக்கடை, குப்பைத்தொட்டி, கொடிக்கம்பம் எல்லாம் திரும்பி வர்றப்ப இடது பக்கம் வரும். போறப்ப பாத்து ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்ச பொருளு வர்றப்ப வெறும் சத்தமா மட்டும் வரும், அந்த டீக்கடை பாய்லர் சத்தத்துக்கே எங்க மட்டம் ரோட்டுக்கு நடுவுல துள்ளிச்சு. அதனால போற வழி ஒரு பாடம், வர்ற வழி தனிப் பாடம். ஒவ்வொரு தடவையும் திரும்பி வர்றப்ப அந்த இடத்துல நிறுத்தி, தலைய முழுசாத் திருப்பிப் பாக்க விட்டு, அப்புறம் நகருங்க. நம்ம ரோட்டுல இடது ஓரமாப் போறப்ப, வலது கண்ணு போன குதிரைக்கு வண்டி எல்லாமே தெரியாத பக்கத்துலதான் வரும், அது ரொம்பக் கஷ்டம். அதுக்கு வண்டி இல்லாத நேரம், காலையில ஆறு மணி போல, இன்னொரு சாதுவான குதிரைய அந்தப் பக்கம் கூட நடத்தி ஆரம்பிங்க. கூட வர்ற குதிரை முட்டுற கடிக்குற ஜாதியா இருக்கக்கூடாது. மேய விடுறப்பயும் அப்படித்தான், முரட்டுக் குதிரைக்குத் தெரியாத பக்கம் எதுன்னு ஒரே நாள்ல தெரிஞ்சிடும், அந்தப் பக்கமா வந்தே அடிக்கும், தீவனத்தத் தனியா வச்சுக் குடுங்க.

வண்டியில பூட்டுற குதிரைன்னா வேற கணக்கு. பழனி, அந்தப் பக்கம் ஜட்கா வண்டிக் குதிரைக்குக் கண்ணு ஓரத்துல தோல்பட்டை கட்டியிருப்பாங்க, ஒரு கண்ணு போனதுக்கு அப்புறமும் அதையே கட்டினா பாதிக் கண்ணுதான் மிச்சம். அதுக்காக ஒரே நாள்ல கழட்டியும் விடாதீங்க, இத்தன நாளா பாக்காத சக்கரம் பக்கத்துல உருளுறதப் பாத்து மிரண்டு வண்டியோட ஓடும். வண்டி இல்லாம, பட்டை இல்லாத கடிவாளம் போட்டு, பின்னால நடந்து நீட்டு லகான்ல ஓட்டிப் பழக்கி, அப்புறம் ஒரு ஆளு காலி வண்டியப் பக்கத்துல உருட்டிக் காட்டி, கடைசியாத்தான் பூட்டணும்.

கொடைக்கானல் பக்கத்துல இருக்குற வெள்ளகவி மாதிரி மலைப்பாதையில பொதி சுமக்குற மட்டத்துக்கு, பொதி வெளிய துருத்துறதுதான் ஆபத்து. தன் உடம்பு அகலம் அதுக்குத் தெரியும், மூட்டை அகலம் தெரியாது, தெரியாத பக்கம் பாறையில இடிச்சா பள்ளத்துப் பக்கம் தள்ளும். குறுகலா, உடம்ப ஒட்டிக் கட்டுங்க. மட்டத்துக்கு 70 கிலோவுக்கு மேல பொதி கூடாதுன்னு 1965லயே விதி இருக்கு, ஒத்தக்கண்ணுக்கு இன்னும் குறைச்சே கட்டுங்க. பள்ளம் எந்தப் பக்கம் வருதோ அதப் பாத்து, கண்ணில்லாத பக்கம் முழுக்கப் பள்ளமா இருக்குற பாதைக்கு அத அனுப்பவே வேணாம்னுதான் நான் சொல்வேன்.

எவ்வளவு நாள்ல பழகும்னு கேட்டா குதிரைக்குக் குதிரை மாறும். கொஞ்சம் கொஞ்சமா பார்வை மங்கிப் போன குதிரை ஆபரேஷனுக்கு முன்னாடியே பாதி பழகியிருக்கும், வலி போனதும் சுறுசுறுப்பா ஆயிடும். ஒரே நாள்ல அடிபட்டுப் போனதுக்குக் கூடுதல் நாள் ஆகும். எல்லாம் செஞ்சும் அந்தப் பக்கம் சத்தம் கேட்டாலே எட்டி உதைக்குதுன்னா புள்ளைங்க சவாரிக்கு அத விடாதீங்க, வேற வேலை குடுங்க. சீசன்ல வருமானம் போகுதேன்னு அவசரப்பட்டு கூட்டத்துக்குள்ள எறக்கி ஒரு கொழந்தை விழுந்தா அப்புறம் என்ன பண்றது. சவாரிக்கு விட்டாலும் ஏத்துற ஆளுகிட்ட எந்தப் பக்கம் கண்ணில்லன்னு சொல்லிடுங்க, செல்ஃபி எடுக்க அந்தப் பக்கமா வந்து கட்டிப் புடிப்பாங்க, பாத்துக்கங்க.

மிச்சக் கண்ணுக்குத் தினமும் ஒரு பார்வை. தண்ணி வடியுதா, பாதி மூடியிருக்கா, நீலமா வெள்ளையா படலம் தெரியுதா. ஈ காலத்துல வலை மாஸ்க் போடுங்க, முள்ளுப் பக்கம் மேய விடாதீங்க, தூசி பறக்குற வைக்கோல உதறி நனைச்சுப் போடுங்க.

எப்பவாவது விக்க வேண்டி வந்து, அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஆடியில கொண்டு போனீங்கன்னா, கண்ணு விஷயத்த மறைக்க முடியாது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா நீங்க பழக்கின அஞ்சு சொல்லையும், எந்தப் பக்கம் ஏறணும், எங்க மொதல்ல தொடணும்கறதையும் வாங்குறவருக்கு ஒரு தடவை செஞ்சு காட்டி, அவரையும் உங்க முன்னாலயே செய்ய வச்சிட்டு அப்புறமா கயித்தக் கையில குடுங்க.